மேயரின் சிவப்பு அங்கி

அன்றைக்கு மேயர் வீட்டுப் பின்முற்றத்தில் இருந்தவர்கள்: மேயர், அவர் மனைவி, மூத்த மகன், மூத்த மருமகள், சமையல்காரர், என் அப்பா, நான். அவ்வளவுதான். பிற்பாடு ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். நான் அங்கே இருக்கவே இல்லை என்றுகூட ஒரு பேச்சு வந்தது. அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் இருந்தேன். துணி மூட்டை என் தலையில்தான் இருந்தது.

நாங்கள் சலவைக்காரர்கள். எங்கள் பக்கத்தில் டோபி என்பார்கள். இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்குக் கீழே, வட்டவளைக்குப் போகிற வழியில், ஓடையை ஒட்டி எங்கள் வீடு. அம்மா செத்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. துணி அடிக்கிற கல்லில் அப்பாவுக்கு எதிரே இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்து மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு எங்கள் பிழைப்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. துணி காயாது. காய்ந்தால் பனி இறங்கிவிடும். அடுப்புக்கு மேலே கட்டினால் புகை நாற்றம். இஸ்திரிப் பெட்டியில் கரி அதிகமானால் கருகிவிடும், குறைந்தால் சுருக்கம் போகாது. எனக்கு எப்போதும் எதையாவது நினைத்துப் பயம். படுத்தால் கொடியில் கிடக்கிற துணியை மாடு தின்பதுபோல் தோன்றும். எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

மேயரைப் பற்றிச் சொல்லவேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் கீழே ஒரு பெரிய பட்டணத்துக்குத் தலைவராக இருந்தவர். அவருடைய தகப்பனார் இந்தியாவிலிருந்து வந்து அரிசிக் கடை வைத்துப் பணக்காரரானவர். மகனை இங்கிலீஷ் படிக்க வைத்தார். மகன் கடையில் உட்காராமல் நகரசபையில் உட்கார்ந்தார். தெருவுக்கு விளக்குப் போட்டார், மீன் சந்தைக்குக் கூரை போட்டார், குழாயில் தண்ணீர் கொண்டுவந்தார். எல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. பதவி போன பிறகு இளைப்பு வந்தது, மலைக்காற்று நல்லது என்றார்கள், எங்கள் கடைவீதிக்கு மேலே ஒரு பங்களாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் வந்து வெகுகாலம் ஆகியும் ஊர் அவரை மேயர் என்றுதான் சொல்லும். அவர் மனைவிகூட, "மேயர் இன்னும் சாப்பிடல," என்பார். மூத்த மகனை முதுகுக்குப் பின்னால் சின்ன மேயர் என்போம். அது மரியாதை இல்லை. இளைய மகன் சீமைக்குப் படிக்கப் போய் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். அவர் படம் மட்டும் அந்த வீட்டுச் சுவரில் கிடையாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், துணியில் தெரியும். மேயரின் கைக்குட்டையில் ரத்தப் பொட்டு இருக்கும். அதை அவர் மனைவியே தண்ணீரில் அலசித்தான் போடுவார், ஆனால் ரத்தம் அவ்வளவு லேசில் போகாது. அந்த அம்மாவின் தலையணை உறையில் ஓரம் மட்டும் உப்புப் பூத்திருக்கும். மூத்த மகனுக்கும் மருமகளுக்கும் தனித்தனிப் படுக்கை விரிப்பு வரும். மருமகளின் விரிப்பில் சுருக்கமே இருக்காது, மகனுடையதில் சாராய வாடை. யாரிடமும் நாங்கள் சொல்லமாட்டோம். அது தொழில் தர்மம் என்று அப்பா சொல்வார்.

இன்னொரு தர்மமும் உண்டு. எந்த வீட்டில் துணி எடுத்தாலும் அந்த வீட்டு முற்றத்திலேயே ஒவ்வொன்றாக விரித்து, இருக்கிற குறையைச் சத்தமாகச் சொல்லி வாங்கவேண்டும். "வேட்டி ஒண்ணு, ஓரத்துல கிழிசல்," என்று அப்பா சொல்வார். உள்ளேயிருந்து "ஆமா," என்று பதில் வரவேண்டும். ஆமா வந்த பிறகுதான் மூட்டைக்குள் போகும். பிறகு யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஊரில் எல்லா வீட்டுக்கும் இதுதான் முறை. மேயரின் அங்கிக்கு மட்டும் கிடையாது.

அந்த அங்கி நல்ல சிவப்புக் கம்பளித் துணி. முன்னால் இரண்டு பக்கமும், கை ஓரத்திலும் சரிகைப் பட்டை. மேயர் பதவிக்குரிய கழுத்துச் சங்கிலியைச் சபைக்காரர்கள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அங்கி சொந்தக் காசில் தைத்தது, அதனால் கூடவே வந்துவிட்டது. வருடம் ஒருமுறை சுதந்திர தினத்தன்று அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கொடிமரத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்காருவார். அதற்கு முன்னால் எங்களிடம் வரும். துவைப்பதில்லை. தூசி தட்டி, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஓரத்தைத் துடைத்து, ஈரத்துணி போட்டுத் தேய்க்கவேண்டும். ஆனால் அதை வெள்ளைத் துணியில் கட்டி, முடிச்சுப் போட்டு, சாமி உடுப்பைப் போலத்தான் அந்த அம்மா கொடுப்பார். முற்றத்தில் அவிழ்க்கக்கூடாது. மேயரின் அங்கியை மண்ணில் விரித்துக் கிழிசல் சொல்வதா என்று ஆரம்பத்திலேயே யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். அப்பாவும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். எங்கள் கழுத்துக்குக் கயிறு அங்கேதான் விழுந்தது.

அந்த வருடம் நான் வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்த்தேன். வலது கை ஓரத்தில் சரிகை ஒரு சாண் நீளத்துக்கு இல்லை. அறுத்த இடம் தெரியாமல் துணியை உள்ளே மடித்து ஊசி குத்தியிருந்தது.

"அப்பா, இப்பவே போய்ச் சொல்லிட்டு வந்துருவோம்."

"பெரிய எடத்து விசயம் புள்ள. அவங்களே கழட்டி வச்சிருப்பாங்க. நாம போயி, ஒங்க அங்கியில சரிகை இல்லன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

எனக்குத் தூக்கம் இல்லை. அப்பா தூங்கினார்.

தேய்த்து மடித்து எடுத்துக்கொண்டு போன அன்றைக்குத்தான், முதலில் சொன்ன அந்த ஏழு பேரும் முற்றத்தில் இருந்தோம். மருமகள்தான் பிரித்தார்.

"அத்த, இங்க பாருங்க. கையில சரிகையக் காணோம்."

"காணோம்னா கால் மொளச்சா போச்சு?" என்றார் மூத்த மகன். "போன எடத்துல கேளுங்க."

மேயர் படியில் நின்றார். சபையில் தீர்ப்புச் சொல்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார்: "டோபி, எத்தன வருசமா இங்க வர்ற?"

"ஐயா குடிவந்த நாள்லேருந்துங்க."

"அப்ப என்னையத் தெரியும். நானாக் கேக்குறதுக்கு முன்னாடி சொல்லிடணும்."

"நாங்க எடுக்கலைங்க ஐயா."

"வர்றப்பவே இல்லைங்க," என்றேன் நான்.

மூத்த மகன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வர்றப்பவே இல்லேன்னா அன்னைக்கே சொல்ல வாய் இல்லையா? இப்பத்தான் மொளச்சிச்சா?"

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். முடிச்சுப் போட்டுக் கொடுத்தவர் அவர். அவர் எங்களைப் பார்க்கவில்லை. வாழை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு மாசக் கூலி நிக்குதுல்ல," என்றார் மேயர். "நின்னபடியே நிக்கட்டும். அங்கியக் கொண்டு போ. நீயே சரிகை வாங்கித் தச்சுக் கொண்டா. அப்புறம் கணக்குப் பேசலாம்." பிறகு சமையல்காரரிடம் சொன்னார்: "இனிமே இவன் துணி எடுக்குறப்போ ரெண்டு பேர் நில்லுங்க."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பிட்டார். திருட்டுப் பட்டத்தை வாங்கிக்கொண்டு, கொடுத்தவருக்கே கும்பிடு. மேயரை நான் மன்னிக்காததற்கு வேறு காரணமே வேண்டாம். அந்தத் துண்டு போதும்.

சுதந்திர தினத்தன்று மேயர் கறுப்புக் கோட்டில் வந்தார். அங்கி எங்கே என்று கேட்டவர்களுக்கு, "கேக்க வேண்டியவனக் கேளுங்க," என்றாராம். கடைவீதி முழுக்க அது பரவிவிட்டது. துணிக்கடை வீட்டில் துணி போடுவதை நிறுத்திவிட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில், "அப்புறம் வா," என்றார்கள். பொலிசுக்குப் போய் நியாயம் கேட்கலாம் என்று சொல்ல எங்களுக்கு ஒரு நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை. போனால் முதலில் எங்களைத்தான், நீங்கள் யார் என்று கேட்பார்கள். அப்பா சரிகைக்குக் கண்டிக்கு ஆள் சொல்லிவிட்டார். முப்பத்தொன்றரை ரூபாய் என்றார்கள். கடன் வாங்கினார். சாப்பாட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பார். நான் சொல்வேன், சாப்பிடுங்க அப்பா. ம் என்பார். சாப்பிடமாட்டார்.

சரிகை எங்கே போனது என்பது எனக்குப் பத்தர் வீட்டில் தெரிந்தது. நகை செய்கிற பத்தர். கடைவீதிக் கோடியில் அவர் கடை. கடைவீதியில் எங்களுக்குத் துணி போடுவதை நிறுத்தாத ஒரே வீடு அது. ஏன் நிறுத்தவில்லை என்று யோசித்தேன். யோசிக்காமல் எனக்கு இருக்க முடியாது. ஒருநாள் பத்தரின் சம்சாரத்திடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அக்கா, எங்கள ஏன் நீங்க சந்தேகப்படல?"

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எப்புடிடி சந்தேகப்பட? அதக் கொண்டாந்து கொடுத்ததே சின்ன மேயருதான். எரிச்சு வெள்ளி எடுத்தாச்சு. இது ஒண்ணா ரெண்டா? அவங்க அம்மாவோட சேல முந்தானையே மூணு வந்திருக்கு. அந்தம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? நான் சொன்னேன்னு சொல்லிறாத."

அந்தம்மாவுக்குத் தெரியும். எனக்கு அந்த வாழைமரம் ஞாபகம் வந்தது. அன்றைக்குத்தான் என் பயம் எங்கேயோ போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

மாசி பிறந்தது. தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டார்கள். மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் செய்து, சிவன் கண்ணைத் திறந்து மன்மதனை எரிக்கிற கூத்து. தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயங்களில், தீபாவளியைவிடப் பெரிய காரியம் அது. கூத்துக்கு வேண்டிய துணி டோபி வீட்டிலிருந்துதான் போகவேண்டும். ரதிக்குச் சேலை, சிவனுக்கு வேட்டி, கோமாளிக்கு ஏதாவது பழசு. அது எங்கள் உரிமையும் கடமையும். கோமாளி வேஷம் கட்டுகிறவர் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். தேயிலைச் செடியை வெட்டுகிற மாதிரியே ஆளையும் வெட்டுகிற வாய் அவருக்கு.

அப்பா ஓடையில் இருந்த நேரம் பார்த்து மூட்டையை நான் கட்டினேன்.

"மாமா, இந்த வருசம் ஒங்களுக்குப் புது உடுப்பு."

விரித்துப் பார்த்தார். "என்னா புள்ள, செவப்பா இருக்கு. எமனுக்கா?"

"மேயருக்கு."

அவர் சரிகைப் பட்டையை விரலால் தடவினார். "எங்க மாமனாரு அந்தப் பட்டணத்துல ரோட்டுக்குத் தார் ஊத்துனவரு. இந்த அங்கி நடந்து போறப்போ குனிஞ்சது, அப்புறம் நிமிரவே இல்லம்பாரு. கொடு. ஒங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியவும் வேணாம். என்ன சொல்லணும், அதச் சொல்லு."

சொன்னேன். பத்தர் சம்சாரத்தின் பேரை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன்.

கூத்துக்காரர்கள் வேஷத்தோடு வீடுவீடாகச் சுற்றி வருகிற நாள் ஒன்று உண்டு. பகலில் லயங்களை முடித்துக்கொண்டு, கடைவீதிக்கு வந்து, அங்கிருந்து மேயர் பங்களா வாசலுக்கும் போவார்கள். மேயர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துச் சில்லறை கொடுப்பார். அன்றைக்கும் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. தூணில் சாய்ந்துகொண்டு மூத்த மகன். நான் வேலி ஓரத்தில் கூட்டத்தோடு நின்றேன். தப்பு மேளச் சத்தம் நெஞ்சுக்குள்ளே கேட்டது.

ரதியும் மன்மதனும் ஆடி முடித்து ஒதுங்கினார்கள். கோமாளி மாமா அதுவரைக்கும் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தார். வாசலுக்கு நேரே வந்து சாக்கைக் கீழே போட்டார். சிவப்பு அங்கி. தலையில் கவிழ்த்த கொழுந்துக் கூடை. மண்ணெண்ணெய்த் தகரத்தைக் குப்புறப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கூட்டம் ஒருதரம் மூச்சை இழுத்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு.

"சபை கூடியாச்சு," என்றார் கோமாளி, மேயரின் அதே நிதானத்தில். "ரதியே, இங்க வா. ஒம் புருசன் எரியப் போறானாம். நம்ம சபை எல்லைக்குள்ள அனுமதி இல்லாம எரியலாமா? அபராதம் கட்டு. கைக்குட்டை பத்து வச்சிருந்தேன், ஒம்பதுதான் இருக்கு. அதுக்கும் நீதான் கட்டணும்."

"காசு இல்லீங்க மேயரே," என்றாள் ரதி. ரதி என்றால் மீசை மழித்த கொழுந்து நிறுக்கிற ஆள்தான்.

"காசு இல்லேன்னா கும்புடு. கும்புடுறவனுக்குத்தான் கூலி நிக்கும், எட்டு மாசம் நிக்கும், ஜம்முனு நிக்கும். எங்க டோபி? வரலையா? அப்ப நானே டோபி."

எழுந்து கையை விரித்து நின்றார். அப்பா துணி வாங்குகிறபோது சொல்கிற அதே ராகத்தில் ஆரம்பித்தார்.

"அங்கி ஒண்ணு. கழுத்துல கோப்பிக் கறை."

"ஆமா," என்றது கூட்டம். எல்லோருடைய வீட்டிலும் கேட்கிற ராகம்தானே அது.

"முதுகுல பூச்சி அரிச்ச ஓட்டை."

"ஆமா."

"வலது கையில சரிகை ஒரு சாண் இல்ல."

"ஆமா."

"எங்க போச்சு? பத்தர் வீட்டு ஒலையில போயி வெந்து போச்சு. கொண்டு போனது டோபியா? டோபி எங்க போவான் அவ்வளவு தூரம், அவனுக்கு ஒங்க அழுக்கத் தொவைக்கவே நேரம் இல்ல. கொண்டு போனது ஒரு மேயரு. மேயரு பெத்த மேயரு."

இந்தத் தடவை யாரும் ஆமா சொல்லவில்லை. எல்லோரும் தூணைப் பார்த்தார்கள். கூட்டத்துக்குள்ளே நின்ற பத்தர் குடையை விரித்துக்கொண்டு மெல்ல நழுவினார். அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மூத்த மகன் கைத்தடியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மேயர், "உள்ள போ," என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மகன் போய்விட்டார். பிறகு மேயர் கோமாளியைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. மனைவியின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அந்த அம்மா ஏதோ சொன்னார். பின்னால் நின்ற சமையல்காரர் மறுநாள் எனக்குச் சொன்னார். "ஒனக்குத் தெரியுமா?" என்று மேயர் கேட்டாராம். "பெத்த புள்ளையப் பொலிசுல கொடுக்கச் சொல்றீங்களா?" என்றாராம் அந்த அம்மா.

வீட்டுக்கு வந்தபோது அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "நம்மள நம்பிக் குடுத்த துணிய வெளிய விட்டுட்டியே புள்ள," என்றார். "தொழிலுக்குத் துரோகம் செஞ்சிட்டியே." துரோகம்தான். இன்னொரு தடவை வாய்த்தால் இன்னொரு தடவையும் செய்வேன்.

அடுத்த திங்கட்கிழமை ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு மூட்டை வந்தது. துணிக்கடை வீட்டு மூட்டை வந்தது. கண்டியிலிருந்து சரிகையும் வந்தது. அதை நானே தைத்தேன். அப்பா அங்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மேயர் வீட்டுத் துணியும் பழையபடியே வந்துகொண்டிருந்தது, ஒன்றுமே நடக்காததுபோல. பழைய கூலி வரவில்லை. ஆனால் அப்பா எதிர்பார்த்தது அதை அல்ல. நீ எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் துணியை எண்ணி முடித்த பிறகும் அந்த முற்றத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டுவார். மேயர் ஜன்னலுக்கு வருவார், பார்ப்பார், போய்விடுவார். பட்டணத்துக்கே விளக்குப் போட்ட மனிதருக்கு இந்த ஒரு வார்த்தைக்கு வழி தெரியவில்லை.

மேயர் அதற்குப் பிறகு கொடிமரத்துக்குப் பக்கத்தில் உட்காரவே இல்லை. மூத்த மகனைக் கீழே அரிசிக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். மருமகள் தாய் வீட்டுக்குப் போனார். படுக்கை விரிப்புகள் குறைந்தன, கைக்குட்டையில் ரத்தம் கூடியது. அவற்றைக் கொதிக்கிற அண்டாவில் போடும்போது எனக்குப் பரிதாபம் வரவில்லை. வந்ததாக எழுதினால் பொய்.

சில வருடம் கழித்து மேயர் செத்தார். பிரேதத்துக்கு மேலே அந்த அங்கியைத்தான் போர்த்தினார்கள், ஊர் பார்க்கட்டும் என்று. எங்கள் முறையில், பிரேதத்தின்மேல் போர்த்திய துணி சுடுகாட்டில் டோபிக்குச் சேரவேண்டும். மூத்த மகன் அதை எடுக்கக் கை நீட்டியபோது, அவர்களுடைய சொந்தக்காரப் பெரியவர் ஒருவரே, "அத விடுப்பா, அது டோபிக்குள்ளது," என்றாராம். அப்பா வாங்கி வந்தார். விற்கவும் இல்லை, உபயோகிக்கவும் இல்லை. கட்டி மேலே வைத்துவிட்டார். அப்பாவுக்கு அந்த வார்த்தையும் கிடைக்கவில்லை, வயசும் ஏறிவிட்டது. அவரும் போன பிறகு நான் அதை இறக்கினேன். சரிகையைப் பிரித்தேன். கம்பளியை நாலாக மடித்துத் தேய்க்கிற மேசைமேல் விரித்து ஆணி அடித்தேன். நல்ல கம்பளி. சூடு தாங்கும். ஊர்ச் சட்டையெல்லாம் அதன்மேல்தான் தேய்க்கிறேன்.

பங்களாவை விற்றுக் கையெழுத்துப் போடச் சின்ன மேயர் வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. மழையில் நனைந்த கோட்டை எடுத்துக்கொண்டு, ஊரில் வேறு டோபி இல்லாததால், எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். நான் யாரென்று தெரிந்ததா என்று தெரியவில்லை. நான் கோட்டை வாங்கி, தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி விரித்துச் சொன்னேன்.

"கோட்டு ஒண்ணு. முழங்கையில கிழிசல். பையில ஓட்டை."

அவர் தெருப் பக்கம் பார்த்தார்.

"ஆமா சொல்லணும்ங்க. சொன்னாத்தான் எடுப்போம்."

"ஆமா," என்றார்.

தேய்த்தேன். அவர் கண் மேசையில் இருந்த சிவப்புக்குப் போனது. அங்கேயே நின்றது. கூலி எவ்வளவு என்று கேட்டார். இந்தக் கோட்டுக்கு வேண்டாம், பழசைக் கொடுங்க, எட்டு மாசக் கூலி ஐம்பத்தாறு, சரிகைக்கு முப்பத்தொன்றரை என்றேன்.

"அது அப்பாவோட கணக்கு. அவரோட போச்சு," என்றார்.

"ஒங்க அப்பாவோட போயிருச்சு. எங்க அப்பாவோட போகல."

கோட்டை மாட்டிக்கொண்டு ரயிலுக்கு இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குடும்பத்தில் யார் இதைப் படித்தாலும் தெரிந்துகொள்ளட்டும். வட்டி நான் கேட்கவில்லை. நிற்பது எண்பத்தேழு ரூபாய் ஐம்பது சதம்.